உறவுச் சொட்டு

எங்கள் ஊரில் சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், எல்லா பனியன் கம்பெனிகளுக்கும் கல்யாண வீட்டுக் களை வந்துவிடும். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பெண்களுக்குக் குங்குமம். முதலாளியும் அவர் மனைவியும் வாசலுக்கு உள்ளே நின்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் தட்டை நீட்டுவார்கள். வாங்குகிறவர் கும்பிட்டு வாங்கிக்கொள்வார். அந்த நிமிடமே அவர் கணக்கில் பணம் ஏறும். எதற்காக என்ற இடத்தில் 'சீர்' என்று இருக்கும்.

சம்பளம் என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் வைப்புநிதி, காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் பின்னாலேயே வந்து நிற்கும். சீருக்கு அந்தத் தொல்லை கிடையாது. அப்பன் மகளுக்குக் கொடுப்பதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை?

நான் தமயந்தி, திருப்பூரில் தொழிலாளர் வழக்குகள் நடத்தும் வக்கீல். இந்தச் சீர் விவகாரம் சட்டப்படி செல்லுமா என்று என்னிடம் கேட்காத ஆள் ஊரில் குறைவு. கேட்பவர் முதலாளி என்றால் முழு பீஸ், தொழிலாளி என்றால் பாதி பீஸ். பதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்: செல்லாது, ஆனால் யாராலும் நிரூபிக்க முடியாது.

ஏன் முடியாது என்பதற்கு வாசலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் முகத்தைப் பார்த்து ஆளை நம்பினார்கள். யார் முகத்தை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், யார் குரலிலும் பேசலாம் என்று ஆன பிறகு, கோர்ட்டு முதலில் கைகழுவியது கண்ணால் கண்ட சாட்சியை. அடையாள அட்டை போயிற்று, கைரேகை போயிற்று, மிஞ்சியது மூச்சு. நாம் விடும் மூச்சில் மூக்கின் உள்தோலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் உதிர்கின்றன. அதில் நம் மரபணு இருக்கிறது. வாசலில் உள்ள கருவி அதைப் படிக்கும். பெயர் கேட்காது, அந்தரங்க உரிமைச் சட்டம் அதைத் தடுத்துவிட்டது. உறவா, அந்நியரா, உறவென்றால் என்ன உறவு என்று மட்டும் சொல்லும்.

கம்பெனி வாசலில் ஓர் அந்நியர் நுழைந்து ஒரு ஷிப்ட் நேரம் உள்ளே இருந்தால் அவர் தொழிலாளி. வாசலே பதிவு செய்யும், சம்பளக் கணக்கு தானாக ஓடத் தொடங்கும். நல்ல சட்டம்தான். அதில் ஒரே ஒரு விலக்கு. குடும்பத் தொழிலில் குடும்பத்தார் கைகொடுத்தால் அது வேலை ஆகாது. விலக்கை எழுதியவர் மனதில் இட்லிக்கடையும் பெட்டிக்கடையும் இருந்திருக்கும். எங்கள் ஊர்க்காரர்கள் அந்தச் சந்துக்குள் பனியன் கம்பெனியையே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதற்காக வந்ததுதான் சொட்டு. முதலாளியின் மரபணுவில் பாதியை ஒரு சாதுவான கிருமியில் ஏற்றி, மூக்குக்கு விடும் மருந்தாக்கி, யாரோ எங்கேயோ செய்து அனுப்புகிறார்கள். திங்கட்கிழமை காலையில் மூக்கில் விட்டுக்கொண்டால் பத்து நாளைக்கு உங்கள் மூச்சு முதலாளி பெற்ற பிள்ளையின் மூச்சு. செங்கோட்டுவேல் என்ற முதலாளிக்கு வீட்டில் இருப்பது இரண்டு மகன்கள். வாசல் கணக்குப்படி நூற்றுச் சொச்சம் பிள்ளைகள். ஆர்டர் இல்லாத மாதத்தில் பிள்ளைகள் பாதியாகக் குறைந்துவிடுவார்கள். கட்டிங் மேசையில் ஒருவனுக்கு விரல் நுனி போனபோது ஆஸ்பத்திரியில் 'வீட்டில் நடந்த விபத்து' என்று எழுதினார்கள். காப்பீடு இல்லை. அவனும் என்னிடம் வந்தான். அதே பதிலைத்தான் சொன்னேன்.

அந்தச் செங்கோட்டுவேல் கம்பெனியில் பவர்டேபிள் மிஷினில் தைக்கும் முனீஸ்வரி ஒரு புதன்கிழமை மத்தியானம் என் அலுவலகத்துக்கு வந்தாள். கமுதிப் பக்கத்துப் பெண். புருஷன் விபத்தில் போய்விட்டான், வேறு சொந்தம் யாரும் இல்லை. ஒரே மகள் ஓவியா, இரண்டாவது படிக்கிறாள். ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற பெண்ணால் பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ள முடியாது என்று விடுதியோடு சேர்ந்த பள்ளியில் விட்டிருந்தாள். ஞாயிறுதோறும் போய் அழைத்து வந்து சாயங்காலம் கொண்டுபோய் விடுவாள்.

"எம்புள்ளைய எங்கிட்ட விட மாட்டேங்கிறாக வக்கீலம்மா" என்றாள். உட்காரக்கூட இல்லை.

"யாரு?"

"பள்ளிக்கூடத்து வாசல்தான். நான் நின்னா அந்நியருங்குது. மூணு ஞாயித்துக்கெழம போய் நின்னேன். நாலாவது வாரம் புள்ளையவே அங்கன காணோம். ஆளு வராத புள்ளைன்னு சொல்லிக் காப்பகத்துல கொண்டு போய் வச்சிட்டாகளாம்."

"சொட்டு போட்டுட்டுப் போனியா?"

"போடுறது திங்கக்கெழம. ஆனா ஒவ்வொரு சனிக்கெழம ராத்திரியும் உப்புத் தண்ணிய மூக்குல உறிஞ்சிக் கழுவிட்டுத்தாம்மா போவேன். எங்க லயன் வீட்டுல புள்ளைக்காரிக எல்லாரும் அப்பிடித்தான். பத்து நாள் காத்திருக்க முடியுமா? ஞாயித்துக்கெழமைக்குள்ள நாம நாமளா ஆகணும்ல. இவ்வளவு நாளா வாசல் தொறந்துச்சு."

எனக்கு இது புதுச் செய்தி. சனிக்கிழமை கழுவித் தாயாகி, திங்கட்கிழமை சொட்டு விட்டு மகளாகிற பெண்கள் ஒரு லயன் முழுக்க இருக்கிறார்கள் என்று நான் அறிந்திருக்கவில்லை.

"சும்மா தண்ணியிலயா கழுவுவே?"

"நமக்குச் சரியாப் போகலியோன்னு கல்லுப்பு கூடப் போட்டேன். சில நாள் துணியச் சுருட்டி உள்ள விட்டுத் தேச்சிருக்கேன். ரத்தம் வரும். வந்தா வரட்டும், வாசல் தொறந்தாப் போதும்னு." அவள் குரல் இறங்கியது. "மொத வாரம் வாசல் தொறக்காததுலருந்து, ஒரு மாசமா நான் சொட்டே போடலம்மா. ஆனாலும் கம்பெனி வாசல் தொறக்குது. மகள்னு சொல்லுது."

என் அண்ணி காது மூக்கு தொண்டை மருத்துவர். அவளுக்குப் போன் போட்டேன். யார் என்று சொல்லாமல் கேட்டேன். அண்ணி இரண்டு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு விளக்கினாள்.

"மேல் தோல்ல ஒட்டுற மருந்து தமா. அது நகம் மாதிரி வளர்ந்து உதிர்ந்துடும். இந்தப் பொண்ணு தேச்சுத் தேச்சு மேல் தோலையே எடுத்திருக்கா. பச்சைப் புண்ணு மேல மறுபடி மறுபடி மருந்து விழுந்தா அடியில இருக்கிற வேர் செல்லுல ஏறிடும். இனிமே முளைக்கிற ஒவ்வொரு தோலும் அப்படித்தான் முளைக்கும்."

"போக வழி?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல."

போனை வைத்துவிட்டு முனீஸ்வரியிடம் சொன்னேன். பிள்ளைக்குத் தாயாகப் போய் நிற்பதற்காகக் கழுவிய கழுவலில்தான் தாய் என்கிற அடையாளம் போயிற்று என்பதை நான் எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் அது அப்படித்தான் வந்தது. அவள் அழவில்லை. தலையில் அடித்துக்கொள்ளவும் இல்லை. "ரத்தத்துல பாத்தாத் தெரியும்ல?" என்றாள்.

புத்திசாலி. ரத்தத்தில் தெரியும். ஆனால் ரத்தம் எடுக்க மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். மூச்சு ஏன் பொருந்தவில்லை என்று காரணம் சொன்னால்தான் உத்தரவு கிடைக்கும்.

"காரணம் சொல்லிருவோம்மா. நான் சொல்றேன்."

"சொன்னா உன்னைத்தான் முதல்ல உள்ளே போடுவாங்க. மரபணுவ மாத்திக் காட்டுறது குற்றம். மருந்து கொடுத்தவருக்கு எவ்வளவோ, விட்டுக்கிட்டவங்களுக்கும் அவ்வளவு. தண்டனை வாங்கின தாய்கிட்ட குழந்தைய ஒப்படைக்க மாட்டாங்க. நீ வெளிய வர்றதுக்குள்ள ஓவியாவ யாருக்காவது தத்துக் கொடுத்திருப்பாங்க."

"சொல்லலைன்னா?"

"அந்நியர்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். எட்டு வருஷமாக 'நிரூபிக்க முடியாது' என்று சொல்லிச் சொல்லி பீஸ் வாங்கியவளுக்கு அந்தக் கோபத்தைக் காட்டவும் ஆள் கிடைக்கவில்லை.

அன்று கோர்ட்டுக்குப் போகவில்லை. குழந்தை நலச் சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆளில்லாத குழந்தையைத் தனிப் பெண் தத்தெடுக்கலாம் என்று இருந்தது. ஒரே நிபந்தனை, அவள் பின்னால் மூச்சுப் பொருத்தம் உள்ள ஒரு குடும்பம் நிற்க வேண்டும். சொத்துள்ள குடும்பமாக இருந்தால் விசாரணையும் சுருக்கம். முனீஸ்வரிக்குப் பின்னால் அப்படி ஒரு குடும்பம் இருக்கிறது. ஒவ்வொரு வாசலும் அதைச் சத்தியம் செய்யும். குடும்பத்துக்குத்தான் அது தெரியாது.

செங்கோட்டுவேலை வரச் சொன்னேன். மனைவி கமலவேணியோடு வந்தார். கம்பெனி அவர் பேரில் இருந்தாலும் கணக்கு அந்த அம்மாள் கையில். தட்டில் வெற்றிலை வைக்க வேண்டும் என்ற யோசனையே அம்மாளுடையது என்று ஊரில் பேச்சு.

"ஏனுங்க வக்கீலம்மா, புள்ளைகளுக்குச் சீர் குடுக்கறது ஒரு குத்தமுங்களா?" என்று ஆரம்பித்தார் செங்கோட்டுவேல். முதலாளிகள் எல்லாரும் இதே வாக்கியத்தில்தான் ஆரம்பிப்பார்கள்.

"குற்றமே இல்லைங்க. அதத்தான் நானும் சொல்ல வந்தேன். உங்க பிள்ளை ஒருத்திக்குச் சொட்டு போடாமலே உங்க மூச்சு வருது." நடந்ததைச் சொன்னேன்.

"அந்தப் புள்ள நல்ல கையிங்க. பனியன் பீஸ் அடிச்சா ஆல்ட்ரேசனுக்குத் திரும்பி வராது. அதுக்கா இப்புடி ஆகோணும்? நானு பணம் வேண்ணாக் குடுத்தர்றேனுங்."

"பணம் வேண்டாம். ரெண்டு வழி இருக்கு. இவ என் தொழிலாளி, நான்தான் மருந்து கொடுத்தேன்னு ஒத்துக்குங்க. ரத்தப் பரிசோதனைக்கு உத்தரவு வாங்கிடலாம். முழுப் பழியும் உங்களோடதுன்னா இவளை மன்னிக்கச் சொல்லி நான் வாதாடுவேன். இல்லேன்னா, இவ என் மகள்னு சொல்லுங்க."

"மகளா? கண்ணாலம் ஆன மனுசனுங்க நானு!"

"வேலைக்காரின்னு சொல்லுங்க, இல்ல மகள்னு சொல்லுங்க. ரெண்டும் இல்லாம இவ்வளவு நாளா வச்சிருந்தீங்க, இனிமே முடியாது."

அவர் மனைவியைப் பார்த்தார். கமலவேணி அம்மாள் பையைத் திறந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஒருத்திய வேலைக்காரின்னு சொன்னா மீதி நூறு பேரையும் கேப்பாங்களா இல்லீங்களா?"

"கேப்பாங்க."

"எட்டு வருசத்துக்குமா?"

"எட்டு வருஷத்துக்கும்."

"மகள்னு சொன்னா?"

"சொத்துல ஒரு பங்கு. அவ எழுதி வாங்கிக்கலாம், வேண்டாம்னும் சொல்லலாம்."

"அப்பறம் என்னங்க, மகள்னே சொல்லட்டும்."

செங்கோட்டுவேல் பதறிப் போனார். "கமலம், ஊரு என்ன பேசும்? சொந்தக்காரங்க மூஞ்சில எப்புடி முழிக்கறது?"

"ஊரு பேசறதுக்கு வரி இல்லீங்க" என்றார் அந்த அம்மாள். பிறகு என் பக்கம் திரும்பி, கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னார்: "எனக்கும் ரெண்டு பெத்து வளத்தவ வயிறுதானுங்க. அந்தப் புள்ள ஞாயித்துக்கெழமையானா பள்ளிக்கோடத்து வாசல்ல நின்னுட்டு வருதுன்னு எங்கிட்ட ஆரும் சொல்லல." அதை உண்மையாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். கணக்குப் போட்ட பிறகு சொன்னார் என்பதும் உண்மை.

முனீஸ்வரியைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் முனீஸ்வரி இல்லை என்று அவளே ஒத்துக்கொள்ள வேண்டும். முனீஸ்வரி என்பவள் பிள்ளையை விட்டுவிட்டுக் காணாமல் போன ஒருத்தி. இவள் வேறு.

"எம்புள்ளைய நான் விட்டுட்டுப் போனேன்னு எழுதுவாகளா?"

"எழுதுவாங்க."

"அது பெரிய புள்ளையாகி அதப் படிச்சா?"

"அப்போ நீ பக்கத்துல உக்காந்திருப்பே. நீயே சொல்லிக்கோ."

அவள் தலையாட்டினாள்.

விசாரணை குழந்தை நல அலுவலகத்தில். அலுவலர் திருமாறன் ஐம்பது வயசுக்காரர், பதமாகப் பேசுகிறவர், யாரையும் நிற்க வைக்க மாட்டார். அப்பாவையும் மகளையும் கருவிமுன் நிற்கச் சொன்னார். ஊதினார்கள். மகள் என்று வந்தது. அவ்வளவுதான், அதற்குமேல் எந்தக் கோர்ட்டும் கேட்காது.

"இத்தனை வருஷமா ஏன் சார் மகள்னு பதியல?" என்று கேட்டார் திருமாறன்.

"ஊட்டுக்குத் தெரியாதுங்க" என்றார் செங்கோட்டுவேல், தரையைப் பார்த்துக்கொண்டு.

"இப்பத் தெரியுமுங்க" என்றார் பக்கத்தில் இருந்த கமலவேணி அம்மாள்.

"உறவு இருந்ததுக்கு மூச்சு தவிர வேற ஏதாவது இருக்கா? இவங்களை நீங்க பராமரிச்சதுக்கு?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. செங்கோட்டுவேல் பளிச்சென்று சொன்னார்: "வாரந் தவறாமச் சீர் குடுத்திருக்கேனுங்க. கணக்குல பாருங்." திருமாறன் பார்த்தார். சீர்க் கணக்கில் பெயர் இருக்காது, வாசலில் பதிந்த மூச்சின் எண்தான். நாலு வருஷமாக ஒரு சனிக்கிழமை விடாமல் ஓர் அப்பன் மகளுக்குச் சீர் அனுப்பியிருக்கிறான். அலுவலர் மனம் உருகிவிட்டது. "இப்படி ஒரு தகப்பனை நான் பாத்ததில்லை சார்" என்று சொல்லி அதை அப்படியே உத்தரவில் எழுதினார். 'முறையாகச் சீர் பெற்று வந்ததே மகள் என்ற உரிமைக்குத் துணைச் சான்று' என்பது அவர் வாசகம். அவர் எழுதும்போது எனக்குள் ஏதோ மணி அடித்தது. அன்று அதை யோசிக்க நேரமில்லை.

"மகளோட பேரு?"

நான் 'ரேவதி' என்று சொல்லிக்கொடுத்து வைத்திருந்தேன். செங்கோட்டுவேல் முனீஸ்வரியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "நாச்சாத்தாளுங்க. எங்கம்மா பேரு" என்றார். ஏன் மாற்றினார் என்று பிறகு கேட்டேன். "பொய்யுன்னாலும் புள்ளைக்குப் பேரு வெக்கறப்ப வாய்க்கு வந்ததச் சொல்லப் படாதுங்க" என்றார்.

பிறகு ஓவியாவைக் கூட்டி வந்தார்கள். காப்பகத்தில் முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். கூடவே அவள் வகுப்பு ஆசிரியை ஜெசிந்தா. முனீஸ்வரியை இரண்டு வருஷமாக ஞாயிறுதோறும் பார்த்து வந்தவர். முகத்தை வைத்து அடையாளம் சொன்னால் சட்டம் காது கொடுக்காது என்பதால் அவரால் சாட்சி சொல்ல முடியவில்லை. காப்பகத்துக்குப் போய்ப் பிள்ளையிடம் பேசிவிட்டு வர முடிந்தது. அதை நான்தான் கேட்டுக்கொண்டேன்.

முனீஸ்வரியிடம், பிள்ளை வந்தால் எழுந்திருக்காதே, அழாதே, பெயர் சொல்லிக் கூப்பிடாதே என்று சொல்லியிருந்தேன். அவள் பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பிள்ளையின் வெட்டிய தலையைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பாப்பா, இந்த அம்மாவை இதுக்கு முன்னாடி பாத்திருக்கியா?" என்று கேட்டார் திருமாறன்.

ஓவியா ஆசிரியையைப் பார்த்தாள். "இல்ல சார்."

"உன்னைக் கூட்டிட்டுப் போய் நல்லா வச்சுக்கணும்னு ஆசைப்படுறாங்க. நீ போறியா?"

"போறேன் சார்."

"இவங்களை அம்மான்னு கூப்பிடுவியா?"

பிள்ளை கொஞ்சம் யோசித்தாள். இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலும்.

"பழகிக்கிறேன் சார்" என்றாள்.

எத்தனையோ சாட்சிகளைப் பொய் சொல்லப் பழக்கியவள் நான். வெட்கத்தில் வழக்குத் தாள்களைப் புரட்டிக்கொண்டு நின்றேன்.

வெளியே என்னோடு ஆட்டோவில் ஏறும்வரை இரண்டு பேரும் கையைக்கூடப் பிடிக்கவில்லை. ஆட்டோ திருப்பத்தைத் தாண்டியதும், "இப்பக் கூப்பிடலாமா?" என்று கேட்டாள் ஓவியா. முனீஸ்வரி அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு சத்தமாக அழுதாள். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை நான் அலுவலகம் திறக்கும்போது மாடிப்படியில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். செக்கிங், அயர்னிங், பேக்கிங், எல்லா செக்‌ஷனும். விரல் நுனி போனவனும் இருந்தான். நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. உத்தரவு பொது ஆவணம், லயனில் ஒருத்தர் படித்தால் போதாதா?

"வக்கீலம்மா, முறையாச் சீர் வாங்கினா மகள்னு எழுதியிருக்காமே. நானும் ஆறு வருஷமா வாங்குறேன். எனக்கும் பங்கு உண்டா?" என்று கேட்டாள் ஒரு செக்கிங் பெண். கேலியாகத்தான் கேட்டாள். நான் உத்தரவை மறுபடி படித்துப் பார்த்தேன். வாசல் பதிவு இருக்கிறது, சீர்க் கணக்கு இருக்கிறது. எட்டு வருஷமாக இந்த ஊரில் சட்டப்படி யாரும் தொழிலாளி இல்லை. எல்லாரும் வாரிசு.

"உண்டுன்னுதான் நினைக்கிறேன்" என்றேன். மாடிப்படியில் ஒரு சிரிப்பு எழுந்து, கொஞ்ச நேரத்தில் அது நின்றுபோயிற்று.

அன்று மத்தியானமே கமலவேணி அம்மாள் வந்துவிட்டார். இந்தத் தடவை கண்ணாடியைத் துடைக்கவில்லை.

"எல்லாரையும் வேலைக்காரங்கன்னே எழுதிக்கறோமுங்க. நாளையிலிருந்து சொட்டு இல்லீங். வாசல் என்ன எழுதுதோ எழுதட்டும். காப்பீடு, ஓய்வூதியம், அந்த விரல் போன பையனுக்குக் குடுக்க வேண்டியது, எதா இருந்தாலுஞ் சரி. பங்கு மட்டும் வேண்டாமுன்னு எல்லாருத்துகிட்டயும் கையெழுத்து வாங்கிக் குடுத்துருங்."

வாங்கிக் கொடுத்தேன். முழு பீஸ். பக்கத்துக் கம்பெனிகளும் அதே வாரத்தில் வந்தன. சொந்தப் பிள்ளைகளே வந்து அப்பன்களை நெருக்கினார்கள் என்று கேள்வி. சட்டத்தால் எட்டு வருஷமாக ஆகாத காரியம் பங்காளி பயத்தால் ஒரு மாதத்தில் ஆயிற்று. எனக்கு அதில் சந்தோஷம்தான், மறைக்க ஒன்றுமில்லை.

முனீஸ்வரிக்குச் செங்கோட்டுவேல் கம்பெனியில் இடமில்லாமல் போயிற்று. அந்த வாசலில் அவள் என்றைக்கும் மகள், அவளை மட்டும் சம்பளக் கணக்கில் ஏற்ற முடியாது. வேறு கம்பெனிக்குப் போனாள். அங்கே அவள் அந்நியர், ஆகவே முறையான தொழிலாளி. முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு கிலோ ஜிலேபி வாங்கி வந்தாள். பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

தத்து என்பது ஒரே நாளில் முடிகிற காரியமில்லை. ஒப்படைத்த குழந்தை எப்படி இருக்கிறது என்று அலுவலர் வந்து பார்த்து, திருப்தி என்று எழுதினால்தான் உறுதியாகும். அதற்குத் திருமாறன் அவள் வீட்டுக்கு வந்தபோது நானும் இருந்தேன். ஓர் அறை வீடு, சுத்தமாக இருந்தது. ஓவியா மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். முடி காது வரை வளர்ந்திருந்தது. திருமாறன் காபி வாங்கிக் குடித்தார். சாப்பாடு, தூக்கம், படிப்பு எல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் முனீஸ்வரி ஒழுங்காகப் பதில் சொன்னாள்.

"கடைசியா ஒண்ணும்மா. இது எல்லாருகிட்டயும் கேக்குறதுதான்" என்றார். "குழந்தையைப் பெத்தவங்க முனீஸ்வரின்னு ஒருத்தங்க. இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கோம். அவங்க என்னைக்காவது திரும்பி வந்து, என் பிள்ளையக் கொடுன்னு கேட்டா என்ன பண்ணுவீங்க?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். 'கொடுக்க மாட்டேன் சார், இவ என் உசிரு' என்று சொல்லச் சொல்லியிருந்தேன். காலையிலிருந்து சொல்லிப் பார்த்துக்கொண்டும் இருந்தோம். முனீஸ்வரி மூலையில் இருந்த பிள்ளையைப் பார்த்தாள். ஓவியா எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள்.

"அவகிட்டயே குடுத்துருவேன் சார்" என்றாள் முனீஸ்வரி. "பெத்தவள்ல?"

திருமாறன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். கோபப்படவில்லை. வருத்தப்பட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். நல்ல மனிதர். குழந்தையைத் தலையில் தட்டிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். படியிறங்கும்போது என்னிடம் மட்டும் சொன்னார்: "இன்னும் ஒட்டுதல் வரலைங்க மேடம். பாவம், பழகாதவங்க. இப்போதைக்கு உறுதி பண்ண முடியாது. மாசா மாசம் நானே வந்து பாக்குறேன்."

அப்படியே வருகிறார். வரும்போது பிள்ளைக்குப் பிஸ்கட் வாங்கி வருகிறார். போகும்போது தாயன்புக்கு மதிப்பெண் போட்டுவிட்டுப் போகிறார். முதல் மாதம் நாலு. போன மாதம் பத்துக்கு ஆறு. கீழே தன் கையால் எழுதியிருந்தார்: 'நல்ல முன்னேற்றம். பெற்ற தாயைப் போல ஆக இன்னும் காலம் வேண்டும்.'